திருத்தியவர்: சி. வீரசிங்கம்

பதுளை
09.02.2003

அன்புள்ள தம்பி தனேஸ்வரனுக்கு,

நீயும் துஷ்யந்தியும் பிள்ளைகளும் மெல்பேர்னில் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு வழக்கமான சளி, உன் அண்ணி சரோஜாவுக்கு வழக்கமான முழங்கால் வலி. பதுளையில் மழை விட்டு மூன்று நாளாகிறது. அதற்காக ஊரே சிரித்துக்கொண்டு திரிகிறது. இருபத்தாறு வருடமாக இந்த அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளனாகக் குப்பை கொட்டுகிறேன். மழை விட்டால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நீ அனுப்பிய பொதி கிடைத்தது. நாற்பது பக்கம். ‘கிளிஞ்சல்’ என்று ஒரு மென்பொருளாம். கடிதம் தட்டலாம், அட்டவணை போடலாமாம். யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தலாமாம். சும்மா கிடைக்கிற சாமான் எந்த இலட்சணத்தில் இருக்குமோ அந்த இலட்சணத்தில்தான் அதன் தமிழ் உதவிப் பக்கங்களும் இருக்கின்றன. ‘அண்ணா, எழுத்துப்பிழைகளைப் பார்த்துத் தாங்கோ’ என்று கேட்டிருக்கிறாய். பார்த்தேன். இதை எழுதினதுகள் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலையாவது கண்டிருக்குங்களா என்று சந்தேகமாக இருக்கிறது.

பிழை என்று எடுத்துச் சொல்லத்தக்கவை மூன்றுதான். அவற்றைத் திருத்தியிருக்கிறேன். மற்றவை பிழை என்று சொல்லக்கூடத் தகுதியில்லாதவை. ஆகவே தொடவில்லை. எங்கள் கந்தோர் முறைப்படி ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்து வைத்திருக்கிறேன். திருத்தியவரின் பெயர் பதிவேட்டில் ஏறும் என்று எழுதியிருந்தாய். நல்ல ஏற்பாடு. ‘சி. வீரசிங்கம், முதலாந்தர மொழிபெயர்ப்பாளர், பதுளை’ என்று முழுதாகப் போடு.

வெயிலுக்குள் பிள்ளைகளை விளையாட விடாதே.

அன்பு அண்ணன்,
வீரசிங்கம்

*

மெல்பேர்ன்
04.03.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சளியும் அண்ணியின் முழங்காலும் தேறியிருக்கும் என்று நினைக்கிறேன். நாங்கள் எல்லோரும் சுகம். சின்னவளுக்குப் பல் விழுந்திருக்கிறது, அதை ஒரு டப்பாவில் போட்டு எல்லோருக்கும் காட்டுகிறாள்.

மூன்று திருத்தங்களையும் பதிவேட்டில் ஏற்றிவிட்டேன். உங்கள் பெயரும் ஏறியிருக்கிறது. பதவிப் பெயர் போடும் வழக்கம் இங்கே இல்லை, கோபிக்க வேண்டாம். எங்களிடம் தலைமைக் கந்தோரும் இல்லை, தரமும் இல்லை. ஒரே ஒரு விதிதான்: எதைச் செய்தாலும் செய்தவர் பெயர் அதன் பக்கத்தில் இருக்கவேண்டும். பத்து வருடம் கழித்து ஒருவன் வந்து ‘இந்தப் புள்ளியை வைத்தது யார்?’ என்று கேட்டால் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும்.

அந்த நாற்பது பக்கத்திலும் இன்னும் பிழைகள் இருக்கலாம் என்று இங்கே ஒருவர் சொல்கிறார். அவர் சொல்வதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். புதிதாக அறுபது பக்கம் அனுப்புகிறேன். நேரமிருந்தால் பாருங்கள்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

தம்பி,
தனேஸ்

*

பதுளை
22.05.2003

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் நலமே இருக்கவேண்டும். எனக்குச் சளி போய் இருமல் வந்திருக்கிறது. சரோஜா அப்படியே இருக்கிறாள்.

‘இன்னும் பிழைகள் இருக்கலாம்’ என்று சொன்ன அந்த மேதாவிக்கு என் வாழ்த்தைச் சொல். இத்துடன் அறுபது பக்கமும் வருகின்றன. எண்ணிப் பார்க்கச் சொல். நூற்றுத் தொண்ணூறு திருத்தம். ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள், அதற்கெல்லாம் பட்டியல் போட்டிருக்கிறது.

ஒரு புதினமான சேதி. எங்கள் பகுதிக்குத் தற்காலிகத் தட்டெழுத்தாளராக ஒருத்தியை அனுப்பியிருக்கிறார்கள். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துப் பிள்ளை. பெயர் மாரியாயி. நீ நம்பமாட்டாய், உண்மையிலேயே அதுதான் பெயர். தலையில் கொழுந்துக் கூடை போட வேண்டியவர்களைத் தமிழ் மொழிபெயர்ப்புப் பகுதிக்கு அனுப்பினால் இந்த நாட்டில் மொழி எப்படி உருப்படும்? மதியச் சாப்பாட்டு நேரத்தில் உன் பக்கங்கள் என் மேசையில் கிடந்தன. பார்த்துவிட்டு, “சேர், இதுல நெறைய பிழை இருக்குங்க” என்றாள்.

“உனக்கென்ன தெரியும் பிள்ளை?” என்று கேட்டேன்.

“தெரியுங்க சேர்” என்றாள். பயமும் இல்லை, பணிவும் இல்லை.

சரி, கையாவது பழகட்டும் என்று ஒரு சிவப்புப் பேனையைக் கொடுத்தேன். எனக்குக் கண் முன்போல இல்லை. அவள் குறித்துத் தருவாள், நான் பார்த்துக் கையெழுத்து வைப்பேன். எழுத்து உருண்டையாகத்தான் இருக்கிறது.

துஷ்யந்தியைக் கேட்டதாகச் சொல். சின்னவளின் பல்லைத் தபாலில் அனுப்ப வேண்டாம்.

அன்பு அண்ணன்,
வீரசிங்கம்

*

மெல்பேர்ன்
18.07.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமலுக்கு மருந்து எடுத்தீர்களா? இங்கே இப்போது குளிர். உங்கள் பதுளைக் குளிரைப் பற்றி நீங்கள் எழுதும் வசைகள் எல்லாம் இங்கே வந்தால் போதாமல் போகும்.

நூற்றுத் தொண்ணூறையும் ஏற்றினோம். ஒன்றுகூடத் தள்ளவேண்டி வரவில்லை. இங்குள்ளவர்கள் வாயைப் பிளந்துவிட்டார்கள். முதல் நாற்பது பக்கத்தில் மூன்று பிழை கண்டவர் அடுத்த அறுபதில் நூற்றுத் தொண்ணூறு கண்டிருக்கிறாரே, அவருக்கு இடையில் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். அண்ணாவுக்குச் சளி விட்டுவிட்டது என்று சொல்லிவைத்தேன்.

சிவப்பு எழுத்து மிக அழகாக இருக்கிறது.

இம்முறை நூற்றைம்பது பக்கம் அனுப்புகிறேன். அதில் அந்த முதல் நாற்பது பக்கமும் திரும்ப வருகிறது, மறுபடி ஒருமுறை பார்த்தால் நல்லது.

எல்லோரும் நலம் கேட்டார்கள்.

தம்பி,
தனேஸ்

*

பதுளை
14.11.2003

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று உன் கடிதத்தின் உற்சாகத்திலிருந்தே தெரிகிறது. நாங்களும் இருக்கிறோம்.

கிளிஞ்சலின் புதிய பதிப்பில் திருத்தியவர்கள் பட்டியலை அச்செடுத்து அனுப்பினாயே, முதலாவதாக என் பெயர், பக்கத்தில் அறுநூற்றுச் சொச்சம் என்று எண். அதை எங்கள் கந்தோர் அறிவித்தல் பலகையில் குத்தினேன். குத்தின இரண்டாம் நாள் எனக்குத் தேநீர் விருந்து வைத்துவிட்டார்கள். பட்டிஸ், கேக், வாழைப்பழம். கந்தோர்ப் பெரியவர் எழும்பிச் சிங்களத்தில் ஐந்து நிமிடம் புகழ்ந்தார். எதைப் புகழ்கிறார் என்று அவருக்கும் தெரியவில்லை, கைதட்டினவர்களுக்கும் தெரியவில்லை. ஆனாலும் தம்பி, இருபத்தாறு வருட சேவையில் என் பெயரைச் சொல்லி ஒரு கூட்டம் கைதட்டினது அன்றைக்குத்தான்.

கேக் வெட்டின பிறகு நம்முடைய மடுல்சீமை மகாராணி மெதுவாக வந்து, “சேர், அந்த லிஸ்ட்டுல என் பேரும் வருங்களா?” என்று கேட்டாள். உலகம் முழுக்கப் பார்க்கிற பட்டியலில் மாரியாயி என்று ஒரு பெயர் இருந்தால் எப்படி இருக்கும் என்று திருப்பிக் கேட்டேன். எங்கள் பகுதியில் தொலைபேசி எடுக்கிற நளீரா சிரித்தாள், எல்லோரும் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை. தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள்.

இன்னொரு வேடிக்கை. எங்கள் கந்தோரில் வரைவு எழுதுகிறவர் தாளின் மூலையில் பென்சிலால் தன் முதலெழுத்தைப் போடுவார். அதிகாரி மையால் கையெழுத்து வைப்பார். வெளியே போகும்போது பென்சிலை அழித்துவிட்டுத்தான் உறையில் போடவேண்டும். இவளும் ஒவ்வொரு தாளிலும் ‘மா’ என்று பென்சிலால் போட்டுத் தருகிறாள். போன பொதியின் நூற்றைம்பது தாளிலும் போட்டிருந்தாள். அழிறப்பரைத் தேய்த்துத் தேய்த்து எனக்குக் கை உளைகிறது.

பிள்ளைகளுக்கு முத்தம்.

அன்பு அண்ணன்,
வீரசிங்கம்

*

மெல்பேர்ன்
02.04.2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருக்கவேண்டும். உங்கள் நவம்பர்க் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. பொதிகளை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இப்போது எழுதியே ஆகவேண்டியிருக்கிறது.

கொழும்பில் மென்பொருள்களைத் தமிழாக்கும் நிறுவனம் ஒன்று எனக்குக் கடிதம் போட்டிருக்கிறது. அங்கே ஒரு வேலைக்கு பெ. மாரியாயி என்பவர் விண்ணப்பித்திருக்கிறார். எழுத்துத் தேர்வில் அவர்தான் முதலாவது. ஆனால் ‘கிளிஞ்சலின் தமிழ்ப் பக்கங்களைத் திருத்தியது நான்’ என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறார். அவர்கள் எங்கள் பதிவேட்டைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பொய் சொல்கிறவருக்கு வேலை கொடுக்க முடியாது என்கிறார்கள். மே இருபதுக்குள் யாராவது உறுதிப்படுத்தாவிட்டால் அடுத்தவரை எடுத்துவிடுவார்கள்.

அண்ணா, இரண்டாம் பொதியிலிருந்தே எனக்குத் தெரியும். உங்கள் கையெழுத்தைப் பார்த்து எழுதப் பழகினவன் நான், வேறொருவரின் கை என்று தெரியாதா? அழித்த பென்சிலும் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்தது. எங்கள் ஒரே விதியை நானே மீறிக்கொண்டு பேசாமல் இருந்தேன். எங்கள் அப்பாவின் பெயரின் முதலெழுத்தோடு உங்கள் பெயர் பட்டியலின் உச்சியில் இருந்தது எனக்கும் பிடித்திருந்தது. அது என் ஈனத்தனம்.

நான் கண்டது தாள்களை மட்டும். பதிவேட்டில் பெயர் உள்ளவர் சொல்லவேண்டும் என்று நிறுவனம் கேட்கிறது. ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

தம்பி,
தனேஸ்

*

பதுளை
17.04.2004

தனேஸ்வரனுக்கு,

சுகம்.

வருடப்பிறப்புக்கு நல்ல பரிசு அனுப்பியிருக்கிறாய். அவள் எனக்கு ஒரு சொல் சொல்லாமல், என் முதுகுக்குப் பின்னால் கொழும்புக்கு விண்ணப்பித்து, தேர்வும் எழுதிவிட்டு வந்து என் முன்னால் இருந்து தட்டிக்கொண்டிருக்கிறாள். வயிற்றுக்கோளாறு என்று லீவு எடுத்தது அதற்குத்தான் என்று இப்போது தெரிகிறது. அந்தக் கூட்டத்துக்கு இடம் கொடுத்தால் இப்படித்தான் நடக்கும் என்று எத்தனை பேர் சொன்னார்கள்.

நீயோ எனக்கு ஈனத்தனம் பற்றிப் பாடம் எடுக்கிறாய். கேள். நான் இந்தக் கந்தோருக்கு வந்த நாளிலிருந்து எத்தனை அதிகாரிகளுக்கு அறிக்கை எழுதியிருப்பேன்? எத்தனை பேருக்கு மேடைப் பேச்சு எழுதியிருப்பேன்? ஒருவர் என் வரைவை வைத்தே பதவி உயர்ந்து போனார். போகும்போது எனக்குக் கைகூடக் கொடுக்கவில்லை. என் பென்சிலையும் எவனோ ஒருவன் அழித்துத்தான் அனுப்பினான். நான் எவரிடமாவது போய் என் பெயர் எங்கே என்று கேட்டேனா? என் முறை வரும்வரை காத்திருந்தேன். இப்போதுதான் வந்தது. வந்த மறுவருடமே அதைத் தூக்கி ஒரு தற்காலிகத் தட்டெழுத்தாளரிடம் கொடு என்கிறாய்.

அறிவித்தல் பலகையில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. கேக் சாப்பிட்டவர்கள் அத்தனை பேரும் இன்னும் இருக்கிறார்கள். நான் ஒன்றும் எழுதமாட்டேன். ஜூன் முப்பதோடு அவளுடைய தற்காலிக நியமனம் முடிகிறது. வந்த வழியே மடுல்சீமைக்குப் போகட்டும்.

வீரசிங்கம்

*

பதுளை
22.04.2004

மதிப்புக்குரிய தனேஸ்வரன் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

தாங்களும் குடும்பத்தாரும் நலமோடு இருக்கப் பிரார்த்திக்கிறேன். நான் நலம். என் பெயருக்குத் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. எனக்கு வெளிநாட்டிலிருந்து வந்த முதல் கடிதம் என்பதால் விடுதியில் எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள்.

எங்கே பழகினேன் என்று கேட்டிருந்தீர்கள். உயர்தரம் முடித்தபின் பதுளையில் வாஹித் முதலாளியின் அச்சகத்தில் நாலு வருடம் அச்சுப்பிழை பார்த்தேன். மரண அறிவித்தலில் ஒரு பெயர் பிழைத்தால், அழுதுகொண்டே வந்து நின்று ஏசுவார்கள். இரண்டு தரம் அப்படி ஏச்சு வாங்கினேன். மூன்றாவது தரம் வாங்கவில்லை. அச்சகம் கண்டிக்குப் போனதால் இந்த வேலைக்கு வந்தேன்.

தங்களுடைய பக்கங்களில் ‘கோப்பைச் சேமிப்பது எப்படி’, ‘எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி’ என்றெல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் திருத்தினேன். எங்கள் கந்தோரில் இருக்கிற ஒரே கணினியைப் பெரியவரின் அறையில் பூட்டி, மேலே துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். நான் அதைத் தொட்டதில்லை. கொழும்பில் தேர்வு எழுதிய அன்றுதான் முதல்முறையாகக் கணினியின் முன் உட்கார்ந்தேன். கிளிஞ்சலைத் திறந்து வைத்திருந்தார்கள். எது எங்கே இருக்கிறது என்று எல்லாம் தெரிந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர், “எத்தனை வருசமா பாவிக்கிறீங்க?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன்.

வீரசிங்கம் ஐயா எழுதிக் கொடுப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கமாட்டார். நான் கேட்கவும் மாட்டேன். ஒருதரம் கேட்டேன், கந்தோரே சிரித்தது. அவர் என் பெயரைச் சொல்லிச் சிரித்தார். அது அப்பாவின் அம்மா, என் அப்பாயியின் பெயர். அவர் இறந்த வருடம் நான் பிறந்ததால் வைத்தார்கள். அதைவிட நல்ல பெயர் ஐயாவுடைய பட்டியலில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒன்று மட்டும் நேர்மைக்காகச் சொல்லவேண்டும். எல்லாம் நான் செய்ததல்ல. முதல் நாற்பது பக்கத்தில் மூன்று திருத்தங்கள் ஐயாவே செய்தவை. அந்தப் பக்கங்கள் பழைய திருத்தக் குறிப்புகளோடு திரும்ப வந்தபோதுதான் பார்த்தேன். அந்த மூன்று இடங்களும் முதலில் சரியாகவே இருந்தன. ஐயா தொட்ட பிறகுதான் பிழையாகியிருந்தன. மற்றவற்றோடு சேர்த்து அவற்றையும் சரிசெய்துவிட்டேன். அவர் பார்க்காமலே கையெழுத்து வைத்தார். இதை அவரிடம் சொல்லவேண்டாம். இரக்கத்தால் அல்ல. அதைச் சொன்னால் அவர் ஒரு வாரம் அகராதியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வருவார், எனக்கு வேலை இருக்கிறது.

வேலை கிடைத்தால் அம்மாவைத் தோட்டத்திலிருந்து கூட்டிக்கொண்டு போவேன். கிடைக்காவிட்டால் ஜூலையில் நானும் அவரோடு கொழுந்து பறிக்க மலைக்கு ஏறவேண்டும். இவ்வளவுதான் என் நிலைமை.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
பெ. மாரியாயி

*

மெல்பேர்ன்
01.05.2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியின் முழங்காலுக்கு ஒரு பட்டி அனுப்பியிருக்கிறேன், வேறு பொதியில் வரும்.

உங்கள் முறை வரும்வரை காத்திருந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பந்தியைப் பல தடவை வாசித்தேன். உங்கள் வரைவுகளைக் களவெடுத்தவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவர்களை எங்கே கண்டாலும் அடிக்கவேண்டும் போலிருக்கிறது. ஆனால் அவர்கள் செய்ததை நீங்கள் அந்தப் பிள்ளைக்குச் செய்யும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கமாட்டேன்.

பதிவேட்டில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் திருத்தங்களுக்குப் பக்கத்தில் ‘செய்தவர்: பெ. மாரியாயி’ என்று எழுதிவிட்டேன். ஆனால் இது தம்பி போட்ட பெயர், அண்ணன் மறுத்தால் என்ன செய்வது என்று நிறுவனத்துக்காரர் கேட்கிறார்கள். ஆகவே உங்கள் கந்தோர்த் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறேன். மே பதினெட்டு, செவ்வாய்க்கிழமை காலை எடுப்பார்கள். எழுத மனம் வராவிட்டால் விடுங்கள். கேட்டால் பொய் சொல்லாதீர்கள்.

தம்பி,
தனேஸ்

*

பதுளை
30.05.2004

அன்புள்ள தம்பிக்கு,

நலமாயிருப்பாய். பட்டி கிடைத்தது. சரோஜா அதைக் கட்டிக்கொண்டு உன்னை வாழ்த்துகிறாள், என்னை ஏசுகிறாள்.

செவ்வாய்க்கிழமை லீவு போடலாம் என்று இருந்தேன். போட்டிருப்பேன். சரோஜாதான் குடையையும் சாப்பாட்டுப் பொதியையும் கையில் திணித்துக் கதவைச் சாத்தினாள்.

எங்கள் பகுதியில் தொலைபேசி ஒன்றே ஒன்று, நளீராவின் மேசையில், நட்டநடுவில் இருக்கிறது. பத்து மணிக்கு மணி அடித்தது. “சேர், கொழும்பிலேருந்து” என்று நளீரா கொடுத்தாள். லைன் வழக்கம்போல இரைச்சல். ஒரு பெண் குரல், கிளிஞ்சல் பக்கங்களைத் திருத்தினது நீங்களா என்று கேட்டது. மாரியாயி நாலு முழத்துக்கு அப்பால் தட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“இல்லை” என்று மெதுவாகச் சொன்னேன்.

“கேக்கேல்லை, சத்தமாச் சொல்லுங்கோ” என்றது குரல்.

“நானில்லை!”

“அப்ப ஆர்?”

“எங்கட தட்டெழுத்துப் பிள்ளை.”

“பெயர் சொல்லுங்கோ, விளங்கேல்லை.”

“மாரியாயி!” என்று கத்தினேன். பெரியவர் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மறுபடியும் கேட்கவில்லை என்றார்கள். “மாரியாயி! மாரியாயி! எல்லாம் அவதான் செய்தவ!” என்று இன்னொரு தரம் கத்தினேன். கேக் சாப்பிட்ட அத்தனை வாயும் திறந்தபடி இருந்தது. ஐம்பத்தாறு வயதில் எனக்கு வெட்கம் என்றால் என்னவென்று தெரிந்தது தம்பி. நளீராவின் கதிரையிலேயே குந்திவிட்டேன்.

அவள் நன்றி சொல்லுவாள் என்று பார்த்தேன். தாளை உருட்டி எடுத்து, அடுத்த தாளைப் போட்டாள். நியமனக் கடிதம் வந்தபிறகு, நேற்று முன்தினம் விடைபெற வந்தாள். “நான் வர்றேங்க சேர்” என்றாள். அவ்வளவுதான். நன்றி கெட்ட சாதி என்று வீட்டில் வந்து சொன்னேன். “எதுக்கு நன்றி?” என்று சரோஜா கேட்டாள். கோப்பையில் இருந்த தேத்தண்ணீர் ஆறும்வரை யோசித்தேன்.

அறிவித்தல் பலகையில் இருந்த தாளை நானே கழற்றினேன். யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அது இன்னும் மோசம்.

ஒரு கேள்வி மட்டும். முதல் பொதியில் மூன்று திருத்தம் நான் என் கையால் செய்தேன். எவரும் குறித்துத் தரவில்லை, நானே கண்டுபிடித்து நானே திருத்தினது. மற்ற எல்லாவற்றிலும் அவள் பெயரைப் போட்டாய், சரி. அந்த மூன்றிலாவது என் பெயரை விட்டிருக்கிறாயா? அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். நான் செய்தேன் என்று எங்காவது ஓரிடத்தில் மூன்று வரியாவது இருக்கவேண்டும் போலிருக்கிறது.

அன்பு அண்ணன்,
வீரசிங்கம்

*

மெல்பேர்ன்
21.06.2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். நாங்கள் நலம். அண்ணி அந்தப் பட்டியோடு படி ஏறுகிறாரா என்று எழுதுங்கள்.

மாரியாயி கொழும்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கிளிஞ்சலின் தமிழ்ப் பக்கங்களுக்கு வரும் திருத்தங்களை இனி ஏற்பதும் தள்ளுவதும் அவர் பொறுப்பு. நேற்று என்னுடைய இரண்டைத் தள்ளியிருக்கிறார். காரணமும் எழுதவில்லை.

நீங்கள் தொலைபேசியில் கத்தினதை வாசித்தபோது துஷ்யந்தி அழுதாள். நானும்தான்.

அந்த மூன்றையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்றும் உங்கள் பெயரிலேயே இருக்கின்றன அண்ணா. நாங்கள் எவரும் அவற்றுக்கு உரிமை கோரமாட்டோம்.

தம்பி,
தனேஸ்